மூலையில்லாக் கோவில்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்கே வெர்மாண்ட் என்றொரு மலை மாநிலம் உண்டு. பால்பண்ணைகள் நிறைந்த அம்மாநிலத்தில் மக்களுள் பெரும்பாலோர் இன்றும் சிற்றூர்களிலேயே வாழ்கின்றனர். அங்கே பணியாற்றும் நண்பரான குரு ஒருவரின் அழைப்பை ஏற்றுச் சென்றிருந்தபோது, ரிச்மண்ட் என்னும் ஊரிலுள்ள பழைய கோவிலொன்றைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது.

வெண்ணிறம் பூசிய மரக்கோவில் அது. 16 பக்கங்கள் கொண்டதாகையால், தொலைவிலிருந்து பார்ப்போர்க்கு வட்டமாகவே தோன்றும். சாத்தான் ஒளிந்துகொள்ள மூலையே இருத்தலாகாது என்று அவ்வாறு கட்டினராம். ஊரார் சொல்லும் கதை இது. வரலாறோ கதையினும் இனியது. மக்களின் வரிப்பணத்தால் போதகரைத் தாங்கும் சட்டம் 1807-ஆம் ஆண்டு அம்மாநிலத்தில் நீக்கப்பட்டது. அதன்பின் ஆராதனைக்கு இடம் தேடுவது அவரவர் பொறுப்பாயிற்று. ரிச்மண்டிலோ காங்கிரிகேஷனல், பாப்டிஸ்ட், மெதடிஸ்ட், யூனிவர்சலிஸ்ட் சபையாரும், கிறிஸ்தியன் என்றே பெயர் பூண்ட சபையாரும் ஆக ஐந்து பிரிவினர் ஒன்றுகூடி, 1812, 1813 ஆண்டுகளில் இந்த ஒரே கோவிலை எழுப்பினர். இருக்கைகளை மக்களுக்கு விற்ற பணமே கட்டடச் செலவுக்கு உதவிற்று.

அந்தோ, அவ்வொற்றுமை நீடிக்கவில்லை! காலப்போக்கில் ஒவ்வொரு சபையாராக விலகிச் சென்றனர். கோவில் ஊர்க்கூட்டம் நடக்கும் மன்றமாயிற்று. 1973-இல் பாதுகாப்புக் கருதி மூடப்பட்டு, பின்னர் செப்பனிடப்பட்டது. தேசிய வரலாற்றுச் சின்னமாக 1996-இல் அறிவிக்கப்பட்டது.

அந்த ஐவருள் கத்தோலிக்கர் இல்லை. அருகிலுள்ள பர்லிங்டன் நகரில் நம்மவர் 1832-இல் கட்டிய தூய மரியன்னை கோவில், 1838-இல் தீவைத்து எரிக்கப்பட்டது. ஐவருக்கு இடமளித்த மண்ணில் ஆறாமவருக்கு இடமில்லையோ என்று நம் உள்ளம் கசந்தது.

ஆனால் அக்கசப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை. நம் மனச்சான்று நம்மையே சுட்டிக்காட்டிற்று.

நாம் குருப்பட்டம் பெற்ற புதிதில், நமக்கு எழுத்தறிவித்த ஆசிரியர் ஒருவர் காலமானார். அவர் சீர்திருத்த சபையைச் சார்ந்தவர். அடக்க ஆராதனைக்குச் சென்ற நாம், அவர்களுடைய கோவிலுக்குள் நுழையாமல் வாயிலருகே வேப்பமர நிழலில் நின்றுவிட்டோம். அவருடைய துணைவியார் அழுத கண்களோடு வெளியே வந்து, “உள்ளே வாருங்கள், தம்பி. உங்களைப் பற்றி எத்தனை பெருமையாகச் சொல்வார் தெரியுமா!” என்றார். அப்போதும் நாம் ஏதோ அவசரம் என்று சொல்லித் திரும்பிவிட்டோம். நம்மை எச்சட்டமும் தடுக்கவில்லை. பிரிந்த சகோதரரை மதித்து நேசிக்குமாறு இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-லேயே கற்பித்திருந்தது. தடுத்தது நம் செருக்கு ஒன்றே. அவ்வம்மையாரும் இன்று உயிரோடில்லை. மன்னிப்புக் கேட்க நமக்கு வழியுமில்லை.

ரிச்மண்ட் கோவிலில் மூலை இல்லை. நம் நெஞ்சிலோ இருந்தது. சாத்தான் அங்கே வசதியாகவே குடியிருந்தான்.

அன்பார்ந்த குடும்பத்தாரே! ஆண்டுதோறும் சனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்புக்காகச் செபிக்கிறோம். செபம் நன்றே. அத்தோடு, பிற சபையைச் சார்ந்த அண்டை வீட்டாருக்குத் துயரம் நேரும்போது, வேப்பமர நிழலில் நின்றுவிடாதீர்கள். உள்ளே செல்லுங்கள். பாடுகளுக்கு முந்திய இரவில் நம் ஆண்டவர் தம் தந்தையிடம் வேண்டிய ஒற்றுமை, அவ்வாறு ஒரு வாசற்படியைத் தாண்டுவதில் தொடங்கட்டும்.