கொரியப் படங்களும் நம் இல்லங்களும்

திரைப்படங்களைப் பற்றி நாம் எழுதுவோம் என்று ஐந்தாண்டுகளுக்கு முன்பு எவரேனும் கூறியிருந்தால் நகைத்திருப்போம். படம் பார்ப்பது பொழுதைப் பாழாக்கும் வேலை என்று பிள்ளைகளைக் கண்டித்தே பழகியவர்கள் நாம். தக்கலையை அடுத்த நமது இல்லத்தில் இஷாத் தொழுகைக்குப் பின் பேத்தி கைப்பேசியுடன் ஒரு மூலையில் ஒதுங்குவதும், விளங்காத ஏதோ ஒரு மொழி அதிலிருந்து கேட்பதும் நமக்கு உவப்பாக இல்லை. ஒரு நாள் அழைத்துக் கடிந்துகொண்டோம். அவள் எதிர்த்துப் பேசவில்லை. "அப்பா, ஒரே ஒரு படம் எங்கூட இருந்து பாருங்க. பிடிக்கலைன்னா நான் விட்டுருதேன்" என்றாள். அது கொரிய மொழிப் படம் என்று அறிந்ததும் நமது கோபம் தணிந்தது. அதற்குக் காரணம் உண்டு.

கொரியர் நமக்குப் புதியவர் அல்லர். 1979ஆம் ஆண்டு பிழைப்பை நாடிச் சவூதி அரேபியாவின் ஜுபைல் நகருக்குச் சென்றபோது, கடலையொட்டி எழுந்துகொண்டிருந்த அத்தொழில் நகரில் எங்கு நோக்கினும் கொரியத் தொழிலாளரே காணப்பட்டனர். அங்குள்ள தொழில் துறைமுகத்தைக் கட்டும் பணியை 1976இல் பெற்றது ஹூண்டாய் நிறுவனம். இன்று நம் சாலைகளில் ஓடும் கார்களில் காண்கிறோமே, அதே பெயர்தான். அன்று கொரியாவும் ஏழை நாடாகவே இருந்து எழுந்துகொண்டிருந்தது. நம் ஊர் இளைஞர்களைப் போலவே அவர்களும் வீட்டை விட்டு வந்து, வெயிலில் வெந்து, ஊதியத்தை ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அவர்களுள் ஒருவர் ஒரு மாலையில் தமது சட்டைப் பையிலிருந்து ஒரு குழந்தையின் புகைப்படத்தை எடுத்து நம்மிடம் காட்டினார். பிறகு தம் நெஞ்சைத் தொட்டு, "அப்பா" என்றார். நம் பக்கத்து முஸ்லிம் இல்லங்களில் தந்தையை வாப்பா என்போம். அப்பா என்பது பாட்டனாருக்கு உரிய சொல். இத்தனை இளவயதில் பேரப்பிள்ளையா என்று நாம் வியந்து நிற்க, அவரோ நமது வியப்பின் பொருள் விளங்காமல் மீண்டும் மீண்டும் "அப்பா, அப்பா" என்று கூறிக்கொண்டிருந்தார். கொரிய மொழியில் தந்தைக்கு அப்பா என்றும், தாய்க்கு ஏறத்தாழ நமது 'உம்மா'வை ஒத்த ஒலியில் 'ஒம்மா' என்றும் வழங்குவர் என்பது பின்னரே நமக்குத் தெரிந்தது.

பேத்தி அன்று நமக்குக் காட்டிய படம், ஆங்கிலத்தில் 'ஓட் டு மை ஃபாதர்' என்று பெயரிடப்பட்டு 2014இல் வெளிவந்தது. இயக்கியவர் யூன் ஜே-கியூன். 1950ஆம் ஆண்டு டிசம்பர் மாதக் கடுங்குளிரில், போருக்கு அஞ்சிய மக்கள் வடகொரியாவின் ஹுங்னாம் துறைமுகத்தில் கப்பலேற முண்டியடிக்கும் காட்சியோடு கதை தொடங்குகிறது. மெரிடித் விக்டரி என்ற ஒரே சரக்குக் கப்பலில் அன்று 14,000 அகதிகள் ஏற்றப்பட்டனர் என்பது வரலாறு. அந்நெரிசலில் சிறுவன் ஒருவன் தன் முதுகில் சுமந்த தங்கையைத் தவறவிடுகிறான். அவளைத் தேடித் தந்தை கப்பலிலிருந்து இறங்குகிறார். இறங்குமுன், இனி இக்குடும்பத்திற்கு நீயே தலைவன் என்று மகனிடம் கூறிச் செல்கிறார். அவர் திரும்பவே இல்லை.

அந்த ஒரு வாக்கைச் சுமந்தே அவனுடைய வாழ்நாள் கழிகிறது. கப்பல் தலைவனாக வேண்டும் என்ற தன் கனவைக் கைவிட்டு, தம்பியின் படிப்புக்காக ஜெர்மானிய நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்குகிறான். இதுவும் கற்பனையன்று, 1963 முதல் 1977 வரை ஏறத்தாழ 8,000 கொரியர் மேற்கு ஜெர்மனியின் சுரங்கங்களில் உழைத்தனர். பின்னர் தங்கையின் திருமணத்துக்காக வியட்நாம் போர்க்களத்துக்கும் பொருளீட்டச் செல்கிறான். 1983இல் கொரியத் தொலைக்காட்சி, போரில் பிரிந்தோரைச் சேர்த்துவைக்கும் நிகழ்ச்சி ஒன்றை 138 நாட்கள் நடத்தியது. 10,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் அதன் வாயிலாக ஒன்றுசேர்ந்தன. அக்காட்சிகளையும் படத்தில் காணலாம்.

குறைகள் இல்லாமலில்லை. கண்ணீரைப் பிழிந்தெடுக்க இயக்குநர் சற்று மிகுதியாகவே முயல்கிறார். அக்காலச் சர்வாதிகார ஆட்சியைப் பற்றி வாய் திறக்கவில்லை என்று கொரியாவிலேயே சிலர் குறைகூறினர்; அது நியாயமே. எனினும் ஒரு காட்சிக்காக அனைத்தையும் மன்னிக்கலாம். முதுமையில் வீடு நிறையப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கூடிப் பாடி மகிழ்ந்திருக்க, கிழவர் மட்டும் அடுத்த அறைக்குள் சென்று தந்தையின் படத்தின் முன் அமர்கிறார். வாக்கைக் காப்பாற்றினேன், ஆனால் மிகவும் கடினமாக இருந்தது என்ற கருத்தில் ஏதோ கூறி அழுகிறார். கூடத்தில் இருப்போர் ஒருவருக்கும் அது தெரியாது.

படம் முடிந்தபோது நமது மகள் வாசற்படியில் நின்றிருந்தாள். எப்போது வந்து நின்றாளோ அறியோம். 1984இல் பிறந்தவள், அவள் முகத்தை நாம் முதன்முதலில் கண்டபோது அவளுக்கு இரண்டு வயது நிறைந்திருந்தது. ஒலிநாடாவில் பதிந்து அனுப்பிய குரலாகவே பல ஆண்டுகள் அவளுக்கு வாப்பா இருந்தோம். அன்றிரவு அவள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் சோறு பரிமாறுகையில், "வாப்பா, அப்பா மௌத்தான தந்தி வந்தப்போ அங்க என்ன செய்தீங்க?" என்று கேட்டாள். நாற்பதாண்டுகளில் இல்லத்தில் எவரும் கேளாத கேள்வி.

நமது தந்தையார் 1986இல் காலமானார்கள். தந்தி மூன்றாம் நாளே கைக்குக் கிட்டியது. ஜனாஸா அதற்குள் அடக்கமாகியிருந்தது. தொழிலாளரின் வேலை நேரத்தைப் பேரேட்டில் பதிவது அங்கு நமது பணி. தந்தியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அன்று மாலைவரை எல்லார் பெயருக்கும் நேரே மணிக் கணக்கை எழுதினோம். நமது பெயருக்கு நேரேயும் பத்து மணி நேரம் என்று எழுதினோம். இதைக் கூறியபோது மகள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நம் அருகில் வந்து அமர்ந்தாள். வளைகுடாவுக்குச் சென்றவரில்லாத இல்லம் நம் ஊர்களில் அரிது. நம் தமிழ்ப் படங்களுள் நாம் கண்டவற்றில் இக்கதையை இவ்வாறு சொன்னது ஒன்றுமில்லை. இந்தியில் 2019இல் இதே கதையைத் தழுவிச் சல்மான் கான் நடிக்க 'பாரத்' என்று எடுத்தார்கள். ஆடலும் பாடலும் மிகுந்து, அந்த அறைக்குள்ளிருந்த தனிமை அதில் மறைந்துபோயிற்று என்பது நமது எண்ணம்.

அதன்பின் வெள்ளிதோறும் ஒரு படம் என்று வழக்கமாகிவிட்டது. ஆங்கில எழுத்துகளைப் பேத்தி வாசித்துத் தமிழில் சொல்வாள். 2002இல் லீ ஜியோங்-ஹியாங் என்ற பெண்மணி இயக்கிய 'தி வே ஹோம்' படத்துக்கு மட்டும் அவள் உதவி அவ்வளவாகத் தேவைப்படவில்லை. அதில் வரும் பாட்டிக்குப் பேச்சு வராது. நகரத்திலிருந்து வந்து அவளிடம் விடப்பட்ட பேரன், விளையாட்டுக் கருவிக்கு மின்கலம் வாங்க அவளுடைய கொண்டை ஊசியையே திருடுகிறான். கடையில் விற்கும் பொரித்த கோழி வேண்டும் என்கிறான். அவள் உயிர்க்கோழி ஒன்றை மழையில் சுமந்து வந்து அவித்து வைக்கிறாள், அவன் அழுகிறான். பாட்டியாக நடித்த கிம் உல்-பூன் அதுவரை ஒரு படத்தைக்கூடப் பார்த்தறியாத கிராமத்து மூதாட்டி. எழுத்தறியாத நமது மூத்த சகோதரியார் இறுதிவரை கண்கொட்டாமல் பார்த்துவிட்டு, "இது நம்ம உம்மாக்க உம்மால்லா" என்றார்கள். ஊருக்குத் திரும்புமுன் பேரன், பாட்டியின் ஊசிகள் அனைத்திலும் நூல் கோத்து வைக்கும் இடத்தில் அவர்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள்.

ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்லவேண்டும். மது அருந்தும் காட்சி இல்லாத கொரியப் படத்தைத் தேடுவது கடினம். பச்சைக் குப்பிகள் அடிக்கடி மேசைக்கு வரும். 2019இல் கான் விழாவில் முதற்பரிசும், 2020இல் ஆஸ்கார் விருதுகள் நான்கும் பெற்ற 'பாரசைட்' சிறந்த படைப்பே; ஆயினும் பிள்ளைகளுடன் அமர்ந்து காணத்தக்கதன்று. 1980ஆம் ஆண்டு மே மாதம் குவாங்ஜு நகரில் இராணுவம் மக்களைச் சுட்ட கொடுமையை, அங்கு ஜெர்மானியச் செய்தியாளரை ஏற்றிச் சென்ற வாடகைக் கார் ஓட்டியின் கண்வழியே காட்டும் 'எ டாக்சி டிரைவர்' படத்தை வளர்ந்த பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

நம் கடற்கரைக்கு மிக நெருங்கிய படம் 2021இல் லீ ஜூன்-இக் இயக்கிய 'தி புக் ஆஃப் ஃபிஷ்'. பெரும்பகுதி கறுப்பு வெள்ளை. 1801இல் கத்தோலிக்க சமயத்தைத் தழுவியோரைக் கொரிய அரசு கொன்றும் நாடுகடத்தியும் ஒடுக்கியபோது, ஜியோங் யாக்-ஜியோன் என்ற அறிஞர் ஹுக்சான் தீவுக்குத் துரத்தப்பட்டார். ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் 1752இல் உயிர்நீத்த தேவசகாயம்பிள்ளையின் வரலாற்றை அறிந்த நம் மாவட்டத்தாருக்கு இது அந்நியமாகத் தோன்றாது. அத்தீவில் ஏழை மீனவ இளைஞன் ஒருவனுக்கு ஏட்டுக் கல்வியின்மீது தீராத வேட்கை. அறிஞருக்கோ மீன்களைப்பற்றி அறிய ஆவல். ஒருவர் அறிவை மற்றவர் விலையாகக் கொடுத்து வாங்கிக்கொள்கின்றனர். அவ்வாறு 1814இல் உருவான மீன் நூல் இன்றும் உள்ளது.

குளச்சலிலிருந்து வண்டியில் மீன் கொண்டுவரும் நண்பரிடம் இக்கதையைக் கூறினோம். அத்தீவார் பெரிதும் போற்றும் திருக்கை மீனைப்பற்றிச் சொன்னதும், எந்தத் திருக்கை, வால் எப்படி, முதுகில் புள்ளி உண்டா என்று அவர் துருவத் தொடங்கினார். நமக்கு விடை தெரியவில்லை.

"ஞாயிறு ராத்திரி அந்தப் படத்தைப் போடுங்க காக்கா, நானே வந்து பாத்துச் சொல்லுதேன்" என்று கூறி வண்டியைக் கிளப்பினார்.