மக்கர் பண்ணும் துப்பாக்கியை யார் தலையில் கட்டுவது?

பொட்டி தட்டுறவன் கையில் துப்பாக்கியான்னு பயந்துடாதீங்க மக்களே. நான் இருக்கிறது டெக்சாஸ். கிரீன் கார்டு இருக்கு. கடையில் 4473-ஆம் எண் படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிஞ்சு, முறைப்படி வாங்கினதுதான். 9 மி.மீ. கைத்துப்பாக்கி, 480 டாலர். பிரச்சினை என்னன்னா, புதுசே மக்கர் பண்ணுது.

முதல் 200 தோட்டா சுட்டதில் ஏழு தடவை, காலிக் கூடு வெளியே போய் விழாம வாசலிலேயே புகைபோக்கி மாதிரி செங்குத்தா நின்னுடுச்சு. இதுக்கு இங்கே 'ஸ்டோவ்பைப்'னே பேரு. பிடி தளர்வா இருந்தாலும் இப்படி ஆகுமாம். அதனால நல்லா சுடத் தெரிஞ்ச நண்பன் கையில் கொடுத்துப் பார்த்தேன். மேகசினை மாத்தினேன். 115 கிரெய்ன் தோட்டாவுக்குப் பதிலா 124 கிரெய்ன் போட்டேன். அப்பவும் வந்துச்சு, ஆனா எப்பவாவது. கூப்பிட்டா வராது. நம்ம ஆபீஸ் ஆணிகளிலேயே ரொம்பப் படுத்துற ஆணி இந்த ரகம்தானே!

வாங்கின கடையில் 250 டாலருக்கு எடுத்துக்கிட்டு வேற மாடல் தர்றேன்னாங்க. தங்கமணிக்கும் சம்மதம், "சனியன் ஒழியட்டும்". கோளாறைச் சொன்னேன். கடைக்காரர் அலட்டிக்கவே இல்லை. பழசு வைக்கிற அலமாரியில் வச்சா ஒரு வாரத்தில் போயிடும்னார்.

யார்கிட்ட போகும்? ராத்திரி ஷிஃப்டில் தனியா பெட்ரோல் பங்க் பார்த்துக்கிற யாரோ ஒருத்தர், பணம் பத்தாமதான் அந்த அலமாரிப் பக்கம் போவார். அவரைக் காப்பாத்தவும் ஆள் இல்லை. டோஸ்டர் கெட்டுப்போனா திரும்ப வாங்குன்னு கம்பெனிக்கு உத்தரவு போட இங்கே ஓர் அரசு ஆணையம் இருக்கு. ஆனா 1972-ல் வந்த நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டம் துப்பாக்கியை நுகர்பொருள் கணக்கிலேயே சேர்க்கலை. கம்பெனியா மனசு வச்சாத்தான் உண்டு.

அதனால மாத்தலை. கம்பெனிக்கே அனுப்பினேன். ரிப்பேர் ஆன துப்பாக்கியை அவங்க நேரா வீட்டுக்கே திருப்பி அனுப்பலாம், சட்டத்தில் இடம் இருக்கு. காலிக் கூட்டைக் கவ்வி இழுக்கிற எக்ஸ்ட்ராக்டர் கொக்கியை மாத்தியிருந்தாங்க. அப்புறம் 300 தோட்டா சுட்டேன். ஒண்ணுகூட மாட்டலை.

சரியாயிடுச்சான்னு கேட்டா, கணக்கு வேற சொல்லுது. 300 தடவையில் ஒரு பிழையும் வரலைன்னா, 95 சதவீத நம்பிக்கையோட சொல்ல முடியுறது 'பிழை ஒரு சதவீதத்துக்குள்ளதான்'னு மட்டும்தான் (மூணை 300-ஆல் வகுங்க). நூத்துக்கு ஒண்ணு வரைக்கும் இன்னமும் இருக்கலாம். குறி பார்த்துப் பழக அது போதும், உயிரை நம்பி ஒப்படைக்கப் போதாது.

ஆக, வச்சுக்கிறேன். பெட்டியில் பூட்டு, சனிக்கிழமை பயிற்சிக்கு மட்டும். நாளைக்கு வித்தாலும் ரிப்பேர் சீட்டையும், ஏழு தடவை மாட்டின கதையையும் சேர்த்துக் கொடுத்துதான் விப்பேன். விலை குறையும். குறையட்டும்.