பத்துத் துளைகள்

முதுகலை இயற்பியல், இரண்டாம் ஆண்டு

எங்கள் ஆய்வுக்கூடத்தின் மூலையில் நுண்ணலை மேசை ஒன்று இருப்பதைக் கலைப்பிரிவு நண்பர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். அதில் மின்கம்பிகளின் வேலையைப் பித்தளைக் குழாய்கள் செய்கின்றன. செவ்வகக் குழாய், உள்ளகலம் 22.86 மி.மீ., உயரம் 10.16 மி.மீ. அலை அதற்குள்ளேயே ஓடுவதால் அலைவழிகாட்டி என்று பெயர். அகன்ற முகத்தில் நீள்துளைகளை வரிசையாக வெட்டினால் அவை ஒன்றுசேர்ந்து கூரிய கற்றையை வீசும். பல கப்பல்களின் உச்சியில் சுழலும் ராடார் பட்டைக்குள் இருப்பதும் இதுபோல் துளைகள் வெட்டிய அலைவழிகாட்டிதான்.

என் செயல்திட்டத்திற்கு 'அகல்பட்டை அலைவழிகாட்டி ஆண்டெனா' என்று பெயர் சூட்டினேன். பெயர் கம்பீரமாகத்தான் இருந்தது! துறையில் மிச்சமிருந்த ஒரே குழாயைப் பேராசிரியர் என்னிடம் கொடுத்து, "வெட்டிவிட்டால் ஒட்ட முடியாதப்பா" என்றார். அலையை நடுவிலிருந்து ஊட்டலாமே என்றான் ஆய்வுத்தோழன். நான் காதில் வாங்கவில்லை.

9.4 கிகா ஹெர்ட்சில் குழாய்க்குள் அலைநீளம் 44.5 மி.மீ. அதில் பாதிக்கு ஒன்றாக, நடுக்கோட்டின் இருபுறமும் மாறி மாறிப் பத்துத் துளைகள் வெட்டி, மறுமுனையை அடைத்தோம். வரைபடத்தில் கற்றை ஊசிபோல் எழுந்தது. பூரித்துப் போனேன். பேராசிரியர் ஒன்றும் பேசாமல் அதிர்வெண்ணை 10க்குத் திருகினார். ஊசி இரண்டாகப் பிளந்துவிட்டது.

அன்றிரவு கணக்கில் உட்கார்ந்தேன். காற்றில் அலைநீளம் 31.9 மி.மீ.யிலிருந்து 30 ஆகத்தான் குறைகிறது, குழாய்க்குள்ளோ 44.5, 39.7 ஆகிவிடுகிறது. ஓர் இடைவெளிக்குச் சுமார் 22 பாகை பிழை. ஒன்பது இடைவெளிகளில் 196 பாகை! ஒரு முனைத் துளைகளின் வேலையை மறுமுனைத் துளைகள் கெடுக்கின்றன. பந்தியில் ஒருவரே வரிசை முழுவதும் பரிமாறுவதுபோன்ற நிலை. ஒவ்வோர் இலைக்கும் சம தூரத்தில் தனி வழி வேண்டும். ஒன்று இரண்டாய், இரண்டு நான்காய்க் கிளைக்கும் குழாய்கள். ஆனால் துளைகள் ஓர் அலைநீளத்துக்குள் நெருங்கி நிற்க வேண்டுமே, கிளைகளுக்கு இடம் ஏது? கீழே இன்னொரு தளம் போட வேண்டும். மெல்லிய செப்புத் தகடுகளை அடுக்கி ஒட்டவைத்து, 60 கிகா ஹெர்ட்சுக்கு 256 துளைகளோடு டோக்கியோவில் 2011 இல் அதைச் செய்துகாட்டியிருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பட்டறையில் நடக்கிற காரியமா அது?

9.4இன் அளவீடுகளை மட்டும் எழுதிக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் எனக்கு வராமலில்லை. தோழன்தான் செப்பு நாடாவை நீட்டினான். அலை நுழையும் பக்கத்து ஐந்து துளைகளை மூடினோம். கற்றை இருமடங்கு பருத்தது, எதிரொளிப்பும் கூடியது. ஆயினும் 10இல் பிளக்கவில்லை. இரண்டு வரைபடங்களையும் அருகருகே ஒட்டினேன். பிறகு அட்டையில் 'அகல்பட்டை' என்ற சொல்லை மட்டும் சிவப்பு மையால் அடித்துவிட்டுப் பேராசிரியரிடம் கொடுத்தேன்.

அவர் அட்டையைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு உள்ளே புரட்டினார்.