திரும்பு, வீடு, போ

ஒரு மொழியின் உள்ளத்தை அறிய அதன் பெருங்காப்பியங்களையெல்லாம் கற்கவேண்டும் என்பதில்லை. 'வா', 'போ' என்னும் இரு சிறு சொற்களை அம்மொழி எவ்வாறு ஆள்கிறது என்று நோக்கினாலே போதும். பல்லாண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற நான், இவ்வுண்மையைச் சீனமொழி வகுப்பில் மாணவனாக அமர்ந்தபோதுதான் உணர்ந்தேன்.

தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் எதிர்வாயிலில் சீன மூதாட்டி ஒருவர் தனியே வாழ்கிறார். ஹொக்கியன் பேசி வளர்ந்தவர். 1979இல் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கியபின் மாண்டரினும் பழகிக்கொண்டார். அவரோடு நான்கு சொல் பேசவேண்டும் என்னும் ஆசையே என்னை மாலை வகுப்பிற்கு அனுப்பியது.

சீனமொழியில் வினைச்சொற்கள் காலத்திற்கும் இடத்திற்கும் ஏற்ப வடிவம் மாறுவதில்லை. ஆயினும் இயக்கத்தின் திசையை அவை நுட்பமாகக் காட்டுகின்றன. ஏறு, இறங்கு, நுழை, வெளியேறு, திரும்பு, கட, எழு என்னும் பொருளுடைய சிறு வினைகள் உள்ளன. அவற்றின் பின்னே 'லாய்' என்றால் வருதல். 'ச்யூ' என்றால் போதல். 'எழு' என்பதோடு மட்டும் இன்றைய பொதுவழக்கில் 'லாய்' சேருமேயன்றி 'ச்யூ' சேர்வதில்லை. 'பாவ் ஜின் லாய்' என்றால் ஓடு, நுழை, வா. நாம் 'ஓடி உள்ளே வா' என்கிறோம். வரிசை ஏறத்தாழ ஒன்றே. ஆனால், நமக்கு இறுதியில் நிற்கும் 'வா'வே முற்றுவினை. முன்னுள்ள 'ஓடி' எச்சம். அவர்களுக்கோ முதலில் நிற்கும் 'ஓடு' என்பதே தலைமைவினை. ஏனையவை அதைத் தொடர்ந்து திசைகாட்டுபவை.

மாடியில் நிற்பவர் கீழே இருப்பவரை 'ஷாங் லாய்', ஏறி வா, என்று அழைப்பார். கீழே நிற்பவர் மற்றவரை 'ஷாங் ச்யூ', ஏறிப் போ, என்று அனுப்புவார். படி ஒன்றே, பேசுபவர் நிற்கும் இடமே சொல்லை மாற்றுகிறது. இதைக் கேட்டதும் என் நெஞ்சு தொல்காப்பியத்திற்கு ஓடியது. வருதலும் தருதலும் தன்மை, முன்னிலைகளுக்கு உரியன என்றும், செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன என்றும் கிளவியாக்கத்தில் வகுத்தாரல்லவா தொல்காப்பியர்!

வகுப்பில் ஒருநாள் 'வீட்டுக்குத் திரும்பிப் போகிறேன்' என்பதை எழுதச் சொன்னார்கள். நான் 'திரும்பு', 'போ' இரண்டையும் சேர்த்து எழுதி, அவற்றின் பின்னே 'வீடு' என்று வைத்தேன். ஆசிரியை சிவப்பு மையால் அடித்தார். இடப்பெயர் இடையில்தான் வரவேண்டுமாம்: 'ஹுவெய் ஜியா ச்யூ', திரும்பு, வீடு, போ. எத்தனையோ மாணவர் ஏடுகளில் சிவப்பு மையிட்ட எனக்கு அன்று கிடைத்த பாடம் அது.

சென்ற சீனப் புத்தாண்டிற்கு மூதாட்டியின் மகன் பெர்த் நகரிலிருந்து வந்திருந்தார். அங்கே குடியேறிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. பத்தாம் நாள் பெட்டியை எடுத்துக்கொண்டு, "அம்மா, நான் ஹுவெய் ச்யூ" என்று சொல்லிப் புறப்பட்டார். மூதாட்டி மின்தூக்கி வரை சென்று சிரித்த முகத்தோடு வழியனுப்பினார். மாலையில் என்னைக் கண்டதும், "லாவ்ஷி, அவன் வெறுமனே 'போகிறேன்' என்று சொல்லவில்லை. 'திரும்பிப் போகிறேன்' என்றான். அப்படியானால் நடுவில் இருக்கவேண்டிய வீடு எது?" என்று கேட்டார்.

இலக்கணம் அறிந்த என்னிடம் அதற்கு விடையில்லை.

என் தந்தையார் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரிலிருந்து கப்பலேறிச் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். எனக்குப் பத்து வயதிருக்கும்போது என்னை ஊருக்கு அழைத்துச் சென்றார். விடுப்பு முடியும் நாளில் பாட்டியிடம், "சிங்கப்பூருக்குத் திரும்பவேண்டும் அம்மா" என்றார். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த பாட்டியின் கை நின்றுவிட்டது. கப்பல் தவறிவிடுமோ என்று அஞ்சுகிறார் போலும் என எண்ணினேன். அந்தக் கை ஏன் நின்றது என்பதை அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர் ஒரு சீனத்தாய் எனக்கு உணர்த்தினார்.

அவரைத் தேற்ற எண்ணி, எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். "தமிழர் விடைபெறும்போது 'போகிறேன்' என்பதில்லை, 'போய் வருகிறேன்' என்பர். போதல் முன்னே, வருதல் பின்னே" என்றேன். அவர் அதை விரல்விட்டு எண்ணுவதுபோல் இருமுறை சொல்லிப் பார்த்தார். "நல்ல சொல். அடுத்தமுறை அவன் வரும்போது நீங்களே சொல்லிக்கொடுங்கள்" என்றார்.

சரி என்றேன். என் தந்தையாரும் அன்று வாயிற்படியில் நின்று 'போய் வருகிறேன்' என்றுதான் சொன்னார். அதன்பின் அவர் தம் தாயைக் காணவில்லை. இதை நான் மூதாட்டியிடம் சொல்லவில்லை.