ஊர் கூடும் நாட்கள்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குச் சுற்றுலா வரும் பள்ளி மாணவர்களுக்கு, குடத்தில் ஓலை போட்டு ஊர்ப் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுத்த குடவோலைக் கதை ஏற்கெனவே தெரியும். பாடப்புத்தகத்தில் படித்ததைச் சுவரில் பார்க்க வருகிறார்கள். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்ட எழுத்துகளை ஆசிரியர் காட்டுகிறார். பானை, ஓலை, பையன் என்று கதை முடிகிறது. பேருந்துக்கு நேரமாகிவிடுகிறது.

அந்தப் பானையிலிருந்து பெயர் எடுக்கப்பட்டவர்கள் அதன் பிறகு என்ன வேலை செய்தார்கள் என்ற கேள்விக்கு யாரும் நிற்பதில்லை. கல்வெட்டு அதையும் சொல்கிறது. ஊர் 30 குடும்புகளாக, அதாவது பகுதிகளாக, பிரிந்திருந்தது. குடும்புக்கு ஒருவராக 30 பேர் தேர்வானார்கள். அவர்களில் 12 பேர் ஆண்டு வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். 360 நாள் பணி. முடிந்ததும் விலகிவிட வேண்டும். பஞ்சவார வாரியம், பொன் வாரியம் ஆகியவற்றுக்குத் தனியே ஆள் எடுத்தார்கள். ஏரிக்கும் தோட்டத்துக்கும் தனித்தனியே பொறுப்பாளர்களை வைத்த ஊர் இது. மழைக்கு முன் செய்ய வேண்டியது எது, அறுவடைக்குப் பின் செய்ய வேண்டியது எது என்று யோசிக்காமல் அப்படி வைத்திருக்க முடியாது.

தேர்வு நடந்த விதத்தில் ஒரு காட்சி. எல்லாக் குடும்புகளின் ஓலைக்கட்டுகளும் போட்ட குடத்தை வயதில் மூத்த நம்பி, அதாவது கோயில் அர்ச்சகர், எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடிக்கிறார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுக்கிறான். அது வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கப்படுகிறது. அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுக்கிறான். மத்தியஸ்தன் அதை ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாங்கிய பெயரை அவர் வாசித்த பிறகு, அங்கிருக்கும் நம்பிமார் அனைவரும் அதே ஓலையை வாசிக்க வேண்டும். விரலிடுக்கில் இன்னோர் ஓலை ஒளிந்திருக்கக் கூடாது என்பதற்காக விரலை விரிக்கச் சொன்னவர்கள், மனிதர்களை நன்றாகவே அறிந்தவர்கள்.

வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி குடத்தில் பெயர் போட முடியாது. அவர் மட்டுமல்ல, உடன்பிறந்தார், மாமன், மருமகன், அத்தை மக்கள் என்று உறவுமுறை வரிசையே அந்தச் சுவரில் இருக்கிறது. அத்தனை பேருக்கும் தடை.

இதையெல்லாம் சொல்லும்போதே இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். சபை கூடிய அந்த மண்டபம் ஊருக்கெல்லாம் திறந்திருக்கவில்லை. அது சதுர்வேதிமங்கலம். சொந்த நிலமும் மனையும் வேதக் கல்வியும் உள்ள, 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள்ளான பிராமண ஆண்களின் சபை. ஏரியில் இறங்கி மண் சுமந்தவருக்கும் நாற்று நட்ட பெண்ணுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. உத்திரமேரூரைப் பற்றிப் பெருமை பேசும் மேடைகள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகின்றன. தாண்டக் கூடாது. ஏனென்றால் அந்தத் தடை வேறு வடிவில் நம் காலம் வரை வந்தது. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டியில் ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதாலேயே 1996 முதல் பத்தாண்டுகள் முறையான தேர்தல் நடக்க முடியவில்லை. 2006-ல்தான் நடந்தது. அதே ஊரில் 2021 அக்டோபர் 2 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கிராம சபையில் வந்து உட்கார்ந்தார்.

கிராம சபைக்கு இப்போது ஆண்டில் ஆறு நாட்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும் பேசலாம். உத்திரமேரூர் பேரூராட்சி என்பதால் இந்தக் கூட்டம் அதைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில்தான் நடக்கும். ஒன்றியத்தில் 70-க்கும் மேற்பட்ட ஊராட்சிகள் இருக்கின்றன. 500 பேர் வரை உள்ள ஊரில் 50 பேர், 3,000 பேர் வரை என்றால் 100 பேர், 10,000 வரை 200, அதற்கு மேல் 300 என்று குறைந்தபட்ச வருகைக்கு விதி உண்டு. பள்ளி வளாகத்திலோ மரத்தடியிலோ நாற்காலி போடுகிறார்கள். வரவு செலவு வாசிக்கப்படுகிறது. தெருவிளக்கு, குடிநீர், நூறு நாள் வேலை என்று பேச்சு நகர்கிறது. பேசுபவர்களில் பெண்கள் அதிகம், தண்ணீர்க் குடம் தூக்குகிறவர்கள் அவர்கள்தானே.

இந்த ஆறு நாளுக்கு வெளியே ஊரின் பொதுக் கூடம் என்ன செய்கிறது? பெரும்பாலான ஊர்களில் சமுதாயக் கூடம் பூட்டித்தான் கிடக்கிறது. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, நிச்சயதார்த்தம் என்று வந்தால் சாவி வாங்கித் திறக்கிறார்கள். ஏழைக் குடும்பத்துக்கு அது பெரிய உதவி, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மற்ற நாளெல்லாம் அந்தக் கட்டடத்துக்கும் ஊருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை.

பருவத்தோடு ஒட்டி இயங்கும் பொது இடத்தை இந்த வட்டாரத்தில் பார்க்க வேண்டுமென்றால் திரௌபதி அம்மன் கோயில் திடலுக்குப் போக வேண்டும். பங்குனி தொடங்கி ஆடி வரை காஞ்சிபுரம், உத்திரமேரூர், வந்தவாசிப் பக்கத்து ஊர்களில் மாறி மாறிப் பாரதம் நடக்கும். தலைக்கட்டு வரி போட்டுப் பணம் திரட்டுவார்கள். பகலில் பந்தலில் பாரதப் பிரசங்கம். இரவில் கூத்து: வில் வளைப்பு, பகடைத் துகில், கிருஷ்ணன் தூது, கர்ண மோட்சம் என்று விடிய விடிய. முகவீணை கிளம்பினால் பக்கத்து ஊரிலிருந்து பாய் தலையணையோடு ஆள் வருவார்கள். அர்ச்சுனன் தபசு அன்று வேடம் கட்டியவர் பாட்டுப் பாடியபடியே உயரமான தபசு மரத்தில் ஏறுவார். உச்சியிலிருந்து அவர் வீசும் எலுமிச்சம்பழத்துக்காகக் குழந்தை வேண்டும் பெண்கள் கீழே ஈரப்புடவையோடு மடியேந்திக் காத்திருப்பார்கள்.

கடைசி நாள் படுகளம். திடலில் துரியோதனனைக் களிமண்ணால் பல அடி நீளத்துக்குப் படுக்க வைத்துச் செய்திருப்பார்கள். வீமன் வேடக்காரர் அந்த மண்ணுடம்பின் மீதே ஏறி ஓடித் துரத்தித் தொடையில் அடிப்பார். உள்ளே புதைத்த பானையிலிருந்து சிவப்பு நீர் பொங்கும். திரௌபதி விரித்த கூந்தலை அன்றுதான் முடிவாள். அடுத்த நொடி கூட்டம் பாய்ந்து அந்த மண்ணைப் பிடி பிடியாக அள்ளிக்கொண்டு போகும். நெல் குதிரில் போட்டால் தானியம் குறையாது என்று நம்பிக்கை. மாலையில் தீமிதி. யார் மரம் கொடுப்பது, யார் சோறு ஆக்குவது, எந்தத் தெருவுக்கு எந்த நாள் என்று எல்லாமே ஊரில் பேசி முடிக்கப்பட்டிருக்கும். அந்தப் பேச்சில் காலனித் தெருவுக்கு இடமில்லாத ஊர்கள் இன்னும் உண்டு. அது மாறாமல் பொது விழா என்று சொல்வது சரியாகாது.

கூத்துக்குள்ளேயே ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. கூத்தர் பெ. ராஜகோபாலும் ஆய்வாளர் ஹன்னே டி புரூயினும் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சை அரசன்தாங்கலில் 2002-ல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலத்தில் பையன்களோடு சிறுமிகளும் கூத்துக் கற்றார்கள். ஆண்களே பெண் வேடம் கட்டி வந்த கலையில் பெண்பிள்ளைகள் கிரீடமும் புஜக்கட்டையும் அணிந்து ஆடினார்கள். பள்ளிப் படிப்பும் கூடவே நடந்தது. 2020-ல் குருகுலம் மூடப்பட்டது பெரிய இழப்பு. அங்கே கற்றவர்கள் இருக்கிறார்கள். கோடை விடுமுறையில் ஒரு மாதம் ஊர்க் கூடத்தைத் திறந்து வைத்தால், பிள்ளைகளுக்கு அடவும் பாட்டும் சொல்லித்தர ஆளுக்குப் பஞ்சமில்லை.

அதே கூடத்துக்கு ஏரியும் வேலை வைத்திருக்கிறது. பல்லவர் காலத்தில் வைரமேகத் தடாகம் என்று பெயர் பெற்ற உத்திரமேரூர் ஏரி வடகிழக்குப் பருவமழைக்கு முன் கவனிக்கப்பட வேண்டியது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் கிராம சபை கோடையின் வாசலில் வருகிறது. ஏரி வண்டல் மண்ணை விவசாயிகள் கட்டணமின்றி எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று 2024-ல் விதி எளிதாக்கப்பட்டிருக்கிறது. சுற்றியுள்ள ஊராட்சிகளில் அன்றைய கூட்டத்தில் விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்துவிட்டால் பங்குனி, சித்திரையில் வண்டி இறங்கும். நவம்பர் 1 கூட்டம் நடு மழையில் வருகிறது. எந்த மதகு கசிகிறது, எந்தக் கால்வாய் அடைத்திருக்கிறது என்று பார்த்தவர்கள் அன்று சொல்லலாம். இந்த நாட்களையும் கூத்துப் பயிற்சி மாதத்தையும் பொறுப்பாளர் பெயரோடு சமுதாயக் கூடத்தின் வெளிச்சுவரில் பெயிண்டால் எழுதி வைக்கப் பெரிய செலவு ஆகாது. பக்கத்திலேயே கடந்த ஆண்டு வரவு செலவுக்கும் ஒரு கட்டம் விட்டு வைக்கலாம்.