அப்பாச்சி ஓடவில்லையா? அழிக்க வேண்டாம்

அப்பாச்சி வழங்கியை நிறுவுவது இன்றைக்கு ஒன்றும் பெரிய வித்தையில்லை. எக்ஸாம்ப் பொதியை இறக்கி, நாலைந்து முறை 'அடுத்து' பொத்தானை அழுத்தினால் போதும். அப்பாச்சி, மரியாடிபி, பிஎச்பி, பெர்ல் எல்லாம் மொத்தமாகக் கணினிக்குள் குடியேறிவிடும். உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் என்று தட்டினால் வரவேற்புப் பக்கம் வரும். சுபம்.

வராவிட்டால்தான் கதையே ஆரம்பம். புதிதாக நிறுவுகிறவர் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான்: எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவுவது. மூன்றாவது முறையும் அதே சிவப்பு எழுத்து. "இதெல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்கள் வேலை" என்று கை கழுவிவிடுவார்.

பல சமயம் கோளாறு அப்பாச்சியில் இருப்பதே இல்லை. வழங்கி என்பது ஒரு வாசலில் காத்திருக்கும் நிரல், அவ்வளவுதான். இணையப் பக்கங்களுக்கு வழக்கமான வாசல் எண் 80. விண்டோஸின் சொந்த வழங்கியான ஐஐஎஸ் ஏற்கெனவே அங்கே துண்டு போட்டு இடம் பிடித்திருந்தால், அப்பாச்சியை எத்தனை முறை நிறுவினாலும் உட்கார இடம் கிடைக்காது. அமைவுக் கோப்பைத் திறந்து 'லிசன் 80' என்ற வரியில் 80ஐ 8080 ஆக்கி, அப்பாச்சியை மறுபடி தொடங்கினால் தீர்ந்தது. உலாவியிலும் லோக்கல்ஹோஸ்டுக்குப் பின்னால் ஒரு முக்காற்புள்ளி வைத்து 8080 என்று சேர்க்க வேண்டும். இதை மறந்துவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்பவர்களும் உண்டு :)

கோளாறு பற்றிய விவரங்கள் பல சமயம் பிழைப் பதிவேட்டில் எழுதியே இருக்கும். வணிகவியல் மாணவருக்கு இது புரியாத விஷயமா என்ன? இருப்பாய்வில் இரண்டு பக்கமும் ஒத்துவராவிட்டால் யாரும் புது நோட்டு வாங்கி முதலிலிருந்து எழுதுவதில்லை. பேரேட்டுக்கும் குறிப்பேட்டுக்கும் திரும்பிப் போய், எந்தப் பதிவு தவறியது என்று தேடுகிறார்கள். அப்பாச்சியும் இரண்டு ஏடுகள் வைத்திருக்கிறது. ஒன்றில் யார் வந்தார், எப்போது, எதைக் கேட்டார், என்ன பதில் போனது என்று வரிக்கு வரி பதிவாகும். கேட்டது கிடைத்தால் 200, அப்படி ஒரு கோப்பே இல்லையென்றால் 404. இன்னொன்று பிழைகளுக்கு மட்டும்.

அப்பாச்சி பிறந்ததும் பிழை திருத்தியவர்களால்தான். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் என்சிஎஸ்ஏ மையத்தில் ராப் மெக்கூல் எழுதிய வழங்கியைத்தான் அப்போது பலரும் பயன்படுத்தினார்கள். 1994இல் அவர் அங்கிருந்து விலகியதும் அதைக் கவனிக்க ஆளில்லை. அங்கங்கே தளம் நடத்தியவர்கள் தாங்களே ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள். 1995இல் எட்டுப் பேர் மின்னஞ்சல் வழியே கூடி அந்த ஒட்டுகளைத் திரட்டினார்கள். ஏப்ரலில் முதல் பொது வெளியீடு, டிசம்பர் 1இல் 1.0. அடுத்த வருடமே நெட்கிராஃப்ட் கணக்கெடுப்பில் முதலிடம்! கேட்பாரற்றுக் கிடந்த ஒரு பொருளை வாடிக்கையாளர்களே எடுத்து நடத்திய கதை இது. எந்தக் கணக்குப் புத்தகத்தில் இதை வரவு வைப்பது? உத்தரவாதம் எதுவும் கிடையாது என்று உரிமத்திலேயே எழுதிவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

எக்ஸாம்ப் பற்றி ஒன்று. அது பழகிப் பார்க்கத் தோதாக எல்லாக் கதவையும் திறந்து வைத்த பொதி. அதில் மரியாடிபியின் 'ரூட்' பயனருக்குக் கடவுச்சொல்லே கிடையாது. வீட்டுக் கணினியில் பரவாயில்லை. வெளியுலகம் பார்க்கும் இடத்தில் அப்படியே வைத்தால், பதிவேட்டில் முன்பின் தெரியாத முகவரிகள் வரிசைகட்டத் தொடங்கும்.