மாதிரியில் இல்லாத கை

எம்.இ. மெக்கட்ரானிக்ஸ் முதல் செமஸ்டரில் ‘ஆய்வு முறையியலும் அறமும்’ என்றொரு பாடம் இருந்தது. மைக்ரோகன்ட்ரோலர் லேபுக்கு ஓடி ஓடிப் போகிறவர்கள் இந்த வகுப்பில் வேறு அசைன்மென்ட் எழுதிக்கொண்டிருப்பார்கள். 24 பேரில் பெண்கள் 3 பேர். என் துறை யாருடைய உடம்பைத் தொடுகிறது என்பதை எனக்குச் சொன்னது அந்த வகுப்புதான்.

அங்கேதான் தெராக்-25 பற்றிப் படித்தேன். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தரும் கருவி அது. அதற்கு முந்தைய மாடலில் அளவு மீறாமல் தடுக்க வன்பொருள் பூட்டுகள் இருந்தன. இதில் அந்தப் பொறுப்பு மென்பொருளிடம் விடப்பட்டது. 1985-க்கும் 1987-க்கும் இடையில் 6 பேர்மீது அளவுக்கு மீறிய கதிர்வீச்சு பாய்ந்தது. முதலாமவர், அமெரிக்காவின் ஜார்ஜியாவில் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 61 வயதுப் பெண். சுட்டுவிட்டது என்று அங்கேயே சொன்னார். அப்படி நடக்க வாய்ப்பே இல்லை என்று பதில் வந்தது. பின்னர் அவருடைய மார்பகத்தை அகற்ற வேண்டியதாயிற்று. ஒரு கையும் செயலிழந்தது.

நான்சி லெவ்சனும் கிளார்க் டர்னரும் 1993-ல் எழுதிய விசாரணைக் கட்டுரையை வகுப்பில் வாசித்தோம். ஒரு பைட் எண்ணி 256-வது முறை பூஜ்யமாகி, பாதுகாப்புச் சோதனையைத் தாண்டிவிடும் பிழையைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்கு அந்தப் பெண் சொன்னதே மனதில் நின்றது. அன்று அந்த அறையில் சரியாக வேலை செய்த ஒரே சென்சார் அவருடைய உடம்புதான்.

பக்கவாதத்தால் விரல்கள் மடங்கிப்போனவர்களுக்கான கையுறை என் ப்ராஜெக்ட். ஃப்ளெக்ஸ் சென்சார் விரலின் வளைவை அளக்கும். சர்வோ மோட்டார் நைலான் நரம்பை இழுத்து விரலை விரிக்கும். சீனியர்கள் விட்டுச்சென்ற அளவீடுகள் முழுவதும் ஆண்கள் விடுதியில் எடுத்தவை. நான் போட்டுப் பார்த்தபோது கையுறை தொளதொளத்தது. விரல் நேரான பிறகும், துணியின் மடிப்பில் சென்சார் வளைந்தே நின்றது. மோட்டார் மேலும் இழுத்தது. ஒரு சிக்னலை, அதன் உச்ச அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் மாதிரி எடுக்க வேண்டும் என்கிறது நைக்விஸ்ட் விதி. யாருடைய கையிலிருந்து எடுப்பது என்பதற்கு விதி ஏதும் கற்றுத்தரப்படவில்லை. மூன்று அளவுகளில் கையுறை தைக்கவைத்து, பெண்களின் கைகளையும் சேர்த்து மறுபடி அளந்தேன்.

ஐ.சி.எம்.ஆர். 2017 வழிகாட்டுதலின்படி அறநெறிக் குழுவில் துறை சாராத சாதாரண மனிதர் ஒருவரும் இருக்க வேண்டும். எங்கள் குழுவில் அப்படி இருந்தவர் ஒரே கேள்விதான் கேட்டார்: “வலிச்சா யாரும்மா நிறுத்துறது?” அதற்குப் பிறகுதான் நோயாளியின் மறு கையில் ஒரு சுவிட்ச் வந்தது. மென்பொருளைக் கேட்காமல் மோட்டாருக்கான மின்சாரத்தையே துண்டிக்கும் சுவிட்ச்.

பிசியோதெரபி மையத்துக்கு வந்த ஓர் அம்மாவுக்காக அவர் மகன் பேனாவை வாங்கினார். “அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, நானே போட்டுடறேன்.” படிவத்தை அந்த அம்மாவுக்குத்தான் வாசித்துக் காட்டினேன். “நடுவுல வேணாம்னா விட்டுடுவீங்களா கண்ணு?” என்றார். “உடனே விட்டுடுவோம்மா.” சாட்சி ஒருவர் முன்னால் அவரே கைரேகை வைத்தார்.

மூன்றாவது அமர்வில் சுவிட்சை அழுத்தினார். “உள்ள சுளீர்னுது.” அத்துடன் போதும் என்றார்.

“லாக்ல எல்லாம் நார்மலாத்தானே இருக்கு?” என்றார் என் நெறியாளர். “அந்தம்மா பயந்திருப்பாங்க. ரெண்டு அமர்வு டேட்டா இருக்கில்ல, அதை வெச்சு 12 பேர்னே போடு.” விலகும் உரிமை என்று படிவத்தில் எழுதிக் கைரேகை வாங்கியது நான். 11 என்று எழுதினேன். விலகியதற்கான காரணத்தையும் சேர்த்தேன். அந்த வரியை எடுத்தால்தான் கையெழுத்து என்றார். இரண்டு மாதம் ஆய்வேடு அவர் மேசையிலேயே கிடந்தது. வேலைக்குச் சேர வேண்டிய தேதியும் தாண்டிப்போனது. படிவத்தின் நகலை இணைத்து அறநெறிக் குழுவுக்குக் கடிதம் எழுதினேன். அதற்கப்புறம் கையெழுத்து வந்தது.

ஆய்வேட்டின் முடிவுகள் பகுதியில் அந்த வரி அப்படியே இருக்கிறது: “பங்கேற்றவர்களில் ஒருவர் வலி காரணமாக விலகினார், அந்த வலியைச் சென்சார்கள் பதிவு செய்யவில்லை.”